சாயப்பட்டறை வீதியின் அறுபத்தோரு சதவீதம்

சாயப்பட்டறை மூன்றாம் வீதிக்கு லோகநாயகி வருவது அது நான்காவது தடவை. சங்கிலி என்கிற போன் கம்பெனியில் புகார் விசாரிக்கிற வேலை அவளுக்கு. முதல் மூன்று தடவையும் டேப்லெட்டில் வரைபடத்தைப் பார்த்தாள். வீதி முழுக்கப் பச்சையாக, இணைப்பு நன்றாக இருப்பதாகக் காட்டியது. 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்த மூன்று கையெழுத்தும் இப்போது உறுத்தின. போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தப் பச்சை வீதியின் கடைசி வீட்டில் நாச்சிமுத்து என்கிற தறிக்காரர் மயங்கி விழுந்துவிட்டார். அவர் நெஞ்சுக்குள் இருந்த கருவி உடனே மருத்துவமனையைக் கூப்பிட்டது. கூப்பிட்ட குரல் இரண்டு வீடு தாண்டவில்லை. நூல் ஏற்ற வந்த வேனில் அவர் மனைவி அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் ஆள் பிழைத்தார்.

செல்போன் கோபுரங்களையெல்லாம் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு நாட்டில் இரண்டே வலைகள் மிஞ்சியிருந்தன. ஒன்று குடை. வானத்தில் மிதக்கும் பலூன்களிலிருந்து நேராக மொட்டைமாடி ஆன்டெனாத் தட்டுக்கு இறங்குவது. மாதச் சந்தா உண்டு. மற்றது சங்கிலி. இதற்குச் சந்தா கிடையாது. ஒவ்வொருவர் போனும் பக்கத்துப் போனின் பேச்சை வாங்கி அடுத்த போனிடம் கொடுக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி, மெயின் ரோட்டில் இருக்கும் கம்பெனிப் பெட்டிக்குப் போய்ச் சேரும். எந்த வீதியில் எத்தனை சதவீத வீடுகள் தன்னிடம் இருக்கின்றன என்று காட்டி, சங்கிலிக் கம்பெனி மருத்துவமனைகளிடம் காசு வாங்கிக்கொண்டது.

குடைக்குக் காசு வேண்டும், சங்கிலிக்கு ஆள் வேண்டும். விஷயம் அவ்வளவுதான். காசுள்ளவர்கள் முதலில் குடைக்குப் போனார்கள். அவர்கள் போனதும் மிச்சமிருந்தவர்களுக்குச் சங்கிலி விட்டுவிட்டு எடுத்தது. அந்த எரிச்சலில் இன்னும் பத்துப் பேர் கடன் வாங்கியாவது குடைக்குப் போனார்கள். காசு இருந்தாலும் போகமுடியாதவர் நாச்சிமுத்து ஒருவர்தான். காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக வைத்த கருவி அது. சங்கிலியோடு மட்டும்தான் பேசும். மாற்றவேண்டும் என்றால் நெஞ்சைத் திறக்கவேண்டும், அதற்கு வரிசையில் இரண்டு வருஷம் காத்திருக்கவேண்டும். நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வைத்து இரண்டு வலையையும் பேசவைக்கலாமே என்று யாராவது கேட்டால், இரண்டு கம்பெனியும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக முடியாது என்று சொல்லும்.

அதனால் நாச்சிமுத்து இரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். "சங்கிலியை விட்டுப் போயிராதீங்க" என்று கேட்டார். கூச்ச சுபாவமுள்ள மனிதர். "என்ன மாமா, ஓட்டுக் கேக்க வந்துட்டீங்களா?" என்று சிரித்தவர்கள் உண்டு. கதவைத் திறக்காமலே உள்ளிருந்து "ஆள் இல்லீங்க" என்று சொன்னவர்களும் உண்டு.

இந்தத் தடவை லோகநாயகி டேப்லெட்டை வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பழைய அளவுமானி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் சங்கிலிப் போன் எது இருந்தாலும் அது 'டிக்' என்று சொல்லும். மெயின் ரோட்டிலிருந்து நடந்தாள். முதல் பத்து வீட்டில் இரண்டு டிக். வரைபடத்தில் ஆறு இருந்தது. நடுவீதியில் மாடிவீடுகள் வந்தன, மாடிக்கு மாடி குடைத் தட்டு. அங்கே வரைபடம் பதினாறு போன் காட்டியது. அளவுமானி வாயே திறக்கவில்லை. லோகநாயகி அதைத் தட்டிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், பாட்டரியைக் கழற்றி மாட்டினாள். கடைசி வீட்டை நெருங்கியபோது அது ஓயாமல் டிக்டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

வாசலில் நின்றிருந்த சாந்தாமணிக்கு ஐம்பது வயது இருக்கும். நாச்சிமுத்துவின் மனைவி.

"வாங்க அம்மிணி. இன்னிக்காச்சும் பச்சையைப் பாத்துட்டு அப்படியே போயிராதீங்க."

"இல்லீங்க அக்கா. உள்ள வரலாங்களா? உங்க ஊட்டுக்குள்ள முப்பத்திரண்டு போன் இருக்கறதா இது சொல்லுது. மெஷின் கெட்டுப்போச்சான்னு தெரியல."

"கெட்டெல்லாம் போகலீங்க. சரியாத்தான் சொல்லுது," என்றாள் சாந்தாமணி, கொஞ்சம் பெருமையாகவே.

சமையலறையில் பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டிலும் பாத்திரம் இல்லை. சாப்பாட்டுத் தட்டுகளில் போன்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி வீட்டு நம்பர் எழுதியிருந்தது. நான்கு நீட்டிப்புப் பலகைகளில் ஒயர்கள் பின்னிக் கிடந்தன.

"காலைல பதினாறு, சாயங்காலம் பதினஞ்சு. முறை வெச்சு சார்ஜ் போடறனுங்க. ஒருநாளும் ஒண்ணும் அணைஞ்சதில்லை."

"இதெல்லாம் யாரோடதுங்க?"

"குடைக்குப் போனவிங்களோடது. தூக்கித்தான போடப் போறீங்க, எனக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டனுங்க. மொதல்ல அவிங்க ஊட்டுலயே ஒரு மூலையில வெச்சிருங்கன்னுதான் கேட்டேன். ஊட்டுக்குள்ள சங்கிலிப் போன் இருந்தா குடைக்காரன் பாதி விலைச் சலுகையை வெட்டிருவானாமா. அவிங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. சரி, இத்தனை போனு அவருக்குப் பக்கத்துலயே இருந்தா நல்லா எடுக்குமுன்னு…"

லோகநாயகி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. தன் கம்பெனி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காசு கொடுக்கும் மருத்துவமனைக்கு ஆயிரம் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சுமக்கிற மனிதர்களுக்கு ஒரு வரி சொன்னதில்லை. அந்தக் கோபம் முழுக்க அவளுக்கு வந்தது, ஆனால் அதைக் காட்டுவதற்கு எதிரே இந்த அம்மாள்தான் இருந்தாள்.

"அக்கா, கொட்டாயில தீப்பிடிச்சா வரிசையா நின்னு குடத்தைக் கை மாத்துவாங்கல்லங்க? அந்த முப்பது பேரும் கிணத்துக்கிட்டயே கூடி நின்னுட்டா தண்ணி எப்படிங்க கொட்டாய்க்குப் போகும்?"

சாந்தாமணி அலமாரியைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்குதுங்க. இந்தப் போனெல்லாம் அவங்கவங்க ஊட்டு நம்பர்ல பதிஞ்சது. போன் எங்க இருக்குதுன்னு கம்பெனி தேடிப் பாக்கக்கூடாதுன்னு சட்டம். அதனால ஆபீஸ்ல பாத்தா ஒவ்வொண்ணும் அந்தந்த ஊட்டுல இருக்கற மாதிரியே தெரியும். எழுபத்திரண்டு ஊட்டுல நாப்பத்தி நாலு நம்மளோடது. அறுபத்தோரு சதவீதம். அதனாலதான் நீங்க எத்தனை தடவை புகார் சொன்னாலும் பச்சை, பச்சைன்னு திருப்பி அனுப்பினாங்க."

"அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். லோகநாயகி "உங்களுக்கு யாரும் சொல்லலைங்க அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் திருப்பூர் ஆபீஸில் அவள் விற்பனை மேலாளர் திருமூர்த்தியின் அறைக்குப் போனாள். திருமூர்த்தி கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் தன் காசில் கேக் வாங்குவார். அவருக்கு உலகத்தில் தெரிந்த நிறம் இரண்டு, பச்சையும் சிவப்பும்.

"நடுவீதியில மூணு பெட்டி வெச்சுட்டாப் போதும் சார். அந்த மனுஷன் பிழைச்சுக்குவாரு."

"பெட்டி ஒண்ணு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். அறுபத்தோரு சதவீத வீதிக்குப் பெட்டி கேட்டா மேல இருக்கறவங்க என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"அது அறுபத்தோரு சதவீதம் இல்ல சார். முப்பத்தொரு போன் ஒரே சமையல்கட்டுல கெடக்குது. நிஜம் பாத்தா பதிமூணு. பதினெட்டு சதவீதம்."

திருமூர்த்தி ஆச்சரியப்படவில்லை. "தெரியும். எங்க பசங்க போன வருஷமே வந்து சொன்னாங்க. மத்த வீதில இதைச் செய்யறதுக்கு நாங்க கமிஷன் குடுத்து ஆள் வெச்சிருக்கோம். அந்தம்மா சும்மா செய்யுது. நான் எதுக்குங்க போய்க் கெடுக்கணும்? போன் உயிரோட இருந்தாக் கணக்குல உண்டு. எங்க இருக்குதுன்னு கேக்கக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது."

"இருபதுக்குக் கீழ போனா விதி பதினேழு இருக்குது சார்."

விதி பதினேழைப் பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு தடவை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வீதியில் ஒரு வலையின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே பதினைந்து நாள் தொடர்ந்து இருந்து, அங்கே வலை மாறவே முடியாத நோயாளி ஒருவர் இருந்தால், கம்பெனி தன் செலவில் அவர் வீட்டு வாசல்வரை பெட்டி வைத்துத் தரவேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு பெட்டியை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"இருக்குது, யார் இல்லைன்னாங்க?" என்றார் திருமூர்த்தி. "ஆனா இதுவரைக்கும் நம்ம வீதி எதுவும் இருபதுக்குக் கீழ போனதே இல்லீங்க. ஏன் போகலைன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம் என்று பிறகு பலநாள் நினைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவளுக்கு இருந்த ஆத்திரத்தில், எழுபத்திரண்டில் ஐந்தில் ஒன்று எவ்வளவு என்ற ஒரு கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. பதினைந்து போன் இருந்தால் பெட்டி கிடையாது. பதினாலு இருந்தால் உண்டு. நிஜத்தில் இருப்பது பதிமூன்று.

சாயங்காலமே கடைசி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர், அதனால் சன்னமாகப் பேசினாலும் கத்துவதுபோல் இருக்கும். இப்போது நிஜமாகவே சன்னமாகப் பேசினார்.

"அப்ப, நாம போனையெல்லாம் அணைச்சுப்போட்டா, கம்பெனியே பெட்டி கொண்டாந்து வெச்சுருமுங்களா?"

"ஏழு நாள் பேசாத போன் கணக்குல இருந்து விழுந்துருமுங்க அண்ணா. அதுக்கு மேல பதினஞ்சு நாள். மொத்தம் இருபத்திரண்டு நாள். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கம்பெனி காதுக்குப் போச்சுன்னா ஏதாவது பண்ணிருவாங்க."

"இந்த இருபத்திரண்டு நாள்ல இவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்று கேட்டாள் சாந்தாமணி.

"இப்பவும் ஒண்ணும் போய்ச் சேரலீங்களே அக்கா."

"தெரியுதுங்க. ஆனா இதுங்க எரிஞ்சிட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வருது."

வேன்காரர் குழந்தைவேல், நாச்சிமுத்துவை அன்றைக்கு ஏற்றிக்கொண்டு போனவர், இருபத்திரண்டு நாளும் வேனை இந்த வாசலிலேயே நிறுத்துவதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சாந்தாமணி அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு போனாக எடுத்து, பிளாஸ்திரியில் நம்பரைப் பார்த்து, அணைத்தாள். "இது மளிகைக்கடை ருக்குமணியோடது. இது வாத்தியார் ஊட்டுது." இருபதாவது போனை அணைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து கட்டிலிலிருந்து எழுந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத்தைத் தானே அணைத்தார். லோகநாயகி உதவிக்குக் கை நீட்டவில்லை. அதைத் தொட அவளுக்குத் தைரியம் இல்லை.

எட்டாம் நாள் வரைபடத்தில் வீதி சிவந்தது. பதினெட்டு சதவீதம். தன் வேலைக்காலத்தில் ஒரு சிவப்பைப் பார்த்து லோகநாயகி சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஒன்பதாம் நாள் அவளைத் தாராபுரத்துக்கு அனுப்பினார்கள், அங்கே ஏதோ அவசரமாம். போய்ப் பார்த்தால் அவசரமும் இல்லை, வேலையும் இல்லை. நல்ல ரூம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் வரைபடத்தைத் திறந்து பதிமூன்று என்ற எண்ணைப் பார்ப்பாள். பதிமூன்று அப்படியே நின்றது. பத்தாம் நாள், பதினைந்தாம் நாள், இருபதாம் நாள். பெட்டி பொருத்துகிற ஆள்களிடம் தேதி கூடக் கேட்டு வைத்திருந்தாள்.

இருபத்தோராம் நாள் காலை பதினொரு மணிக்கு எண் பதினாலைத் தாண்டிப் பதினாறு ஆனது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் பத்தொன்பது. தாராபுரத்திலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தபோது இருபத்திரண்டு ஆகியிருந்தது.

வீதி முனையில் பெரிய பேனர். நாச்சிமுத்துவின் முகம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. 'நம் வீதி மனிதர், நம் பொறுப்பு. ஒரு உயிருக்காக ஒரு இணைப்பு' என்று எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். லோகநாயகி வண்டியை விட்டு இறங்கி, முகத்தைப் பேனரோடு ஒட்டிவைத்துப் படித்தாள். இந்தச் சலுகையில் சேரும் இணைப்பு, அணைத்தாலும் விலகினாலும், தொண்ணூறு நாளுக்குக் கணக்கில் உயிரோடு இருக்கும்.

மூன்று பெட்டியின் விலையைவிட ஒரு பேனரின் விலை குறைவு. திருமூர்த்தி யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் மிரட்டவில்லை. ஊரில் இருந்த இரக்கத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். தன் வாழ்நாளில் லோகநாயகி யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

கடைசி வீட்டு வாசலில் கூட்டம். ஒன்பது பேர், எல்லோரும் இந்தக் கோடிப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆளுக்கொரு புதுப் போன் கையில். பேனர் நடுவீதி மாடிவீடுகளையும்தான் பார்த்துச் சிரித்தது. அங்கிருந்து யாரும் வரவில்லை. ஒன்பது போனும் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். நடுவீதி வெறுமையாகத்தான் கிடக்கும். கூப்பிட்ட குரல் முன்பு இரண்டு வீடு போனது, இனி எட்டு வீடு போகும். மெயின் ரோட்டுக்குப் போகாது.

மளிகைக்கடை ருக்குமணி அவளைப் பார்த்ததும் உற்சாகமாகச் சொன்னாள். "வாங்க மேடம். நீங்கதான கம்பெனிக்காரம்மா? இவர் கஷ்டம் இத்தனைன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்க. வாசல்ல வேனை நிறுத்திட்டு உக்காந்திருக்கறதப் பாத்தா மனசு கேக்குமுங்களா? அதுக்குள்ள போர்டும் வந்துருச்சு."

"குடைச் சலுகை போயிருமே," என்றாள் லோகநாயகி.

"போனாப் போகுதுங்க. ரெண்டு மடங்கு கட்டிக்கலாம். மனுசனைவிடக் காசா பெருசு?"

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். லோகநாயகியைக் கண்டதும் எழுந்து அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"கம்பெனி ஆளுங்க வந்து, மருத்துவமனை ஃபைல்ல ஒட்டணுமுன்னு சொல்லிப் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க அம்மிணி. இப்படிப் பண்ணுவாங்கன்னு…"

"நான் இவங்ககிட்ட உள்ளதச் சொல்லிடறேன் அண்ணா. இவங்க நல்லதுன்னு நினைச்சு என்ன பண்ணியிருக்காங்கன்னு தெரியட்டும். மொதல்லயே வீதிக்கெல்லாம் சொல்லியிருக்கணும். நாந்தான் சொல்லவேண்டாம்னு வாயைக் கட்டினேன்."

அவள் திரும்பினாள். அவர் அவள் கையைப் பிடித்துவிட்டார். யாருடைய கையையும் அப்படிப் பிடிக்கிற மனிதர் அல்ல அவர்.

"வேண்டாமுங்க. நான் ரெண்டு வருசம் போயி நின்ன வாசலுங்க இவிங்களோடது. ஒரு ஆளு வரல. இன்னிக்கு ஒன்பது பேர் வந்திருக்காங்க. நீங்க வந்ததுதான் தப்புன்னு இவிங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது?"

"அண்ணா, இது உங்க உயிருங்க."

"தெரியுதுங்க," என்றார். கையை விடவில்லை.

சாந்தாமணி நிலைப்படியில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் தெரிந்தவள் அவள். இத்தனை நாளும் பதிமூன்று, பதிமூன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவள். வாசலில் நின்றவர்களை ஒருவர் விடாமல் எண்ணியிருப்பாள். அவர்களைத் தாண்டி லோகநாயகியின் அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தனை நாளுக்குங்க?"

"தொண்ணூறு நாளுங்க அக்கா. அதுக்கப்புறம் மறுபடியும் மொதல்ல இருந்து எண்ணணும்."

சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் நின்னுட்டே இருக்கீங்களே, உள்ள வந்து உக்காருங்க. வந்தவிங்க காபி குடிக்காமப் போகக்கூடாது. ருக்குமணி, உங்கூட்டுல இருந்து சித்தெ பால் கொண்டாறியா?"